கட்டுக்கு ஒன்று கொசுறு

கப்பலூர் தொழிற்பேட்டையில் இருக்கிற சூடாமணி பேக்கேஜிங் ஷெட்டின் குறுக்கே சௌரிராஜன் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் அட்டை ஒட்டும் இயந்திரம், வெட்டும் இயந்திரம், பெட்டிகளை எண்ணிக் கட்டும் பெண்கள். அந்தப் பக்கம் வெறும் தரை. ஒரு காலத்தில் அங்கேயும் கூரை முட்ட அட்டை கிடந்தது. ஒரு பெரிய மசாலாக் கம்பெனி ஆர்டரை நிறுத்திய பிறகு அந்த இடத்தைப் புறாக்கள்தான் அனுபவித்து வந்தன.

"இங்கிட்டு யாவாரம். அங்கிட்டு வாடகை," என்றார் சௌரிராஜன், கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு. "பிஸ்கட் ஏஜென்சி பீமாராவ் குடோனுக்கு எடம் கேட்டுக்கிட்டே இருக்கான். மாசம் பொறந்தா வாடகை வந்துரும். மிஷின் ஓட வேணாம், கரண்டு போயிருச்சேன்னு கத்த வேணாம்."

"கத்தாம உங்களால இருக்க முடியுமா சித்தப்பா?" என்றாள் ஸ்ரீலட்சுமி.

அவள் அவருடைய அண்ணன் மகள். அண்ணன் காலமான பிறகு கம்பெனியில் பாதி அவளுடையது. வேலை என்று பார்த்தால் பாதிக்கு மேலேயே அவளுடையது. வண்டியூர் வீட்டில் இருவரும் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் சௌரிராஜன் தமிழுக்கு மாறிவிடுவார். சொந்த மொழியில் பேசினால் மனசு இளகிவிடும், ஏமாந்துவிடுவோம் என்று அவருக்கு ஒரு பயம்.

"அந்தப் பாதி எனக்கு வேணும்," என்றாள் அவள். "வெளிநாட்டு ஆர்டருக்குன்னு தனியா ஒரு லைன் போடணும். கென்யாவுல பட்டர் ஃப்ரூட் அள்ளிக் குமியுது சித்தப்பா. ஒவ்வொரு வருசமும் போன வருசத்தை விடக் கூட. கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்குப் போகுது. சீசன் வந்தா பெட்டி கெடைக்காம தவிக்கிறாக."

"ஒட்டன்சத்திரத்துக்குப் பெட்டி அனுப்பிட்டு காசு வாங்குறதுக்குள்ள நாக்குத் தள்ளுது. கென்யாவாம்!"

ஆனாலும் அண்ணன் மகளிடம் ஒரேயடியாக மறுத்துப் பேச அவருக்கு வராது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு கன்டெய்னர். மாசு மறு இல்லாமல் போய்ச் சேர்ந்து, வாங்கியவர்கள் மறுபடியும் கேட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு. ஒரு சின்ன வில்லங்கம் வந்தாலும் பீமாராவுக்கு. ஸ்ரீலட்சுமி யோசிக்கவேயில்லை, சரி என்று சொல்லிவிட்டாள். தன் பெட்டியின் மேல் அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கு, வத்தலக்குண்டு வியாபாரிகள் இவளிடம்தான் பெட்டி வாங்குகிறார்கள். அந்தப் பழம் எப்படி அழுகும், எங்கே அமுங்கும், காற்றுப் போக எங்கே துளை வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். கென்யா பற்றி ஒரு வியாபாரி பேச்சுவாக்கில் சொன்னதை மற்றவர்கள் கேட்டுவிட்டு டீ குடித்தார்கள். இவள் மட்டும் விசாரிக்க ஆரம்பித்தாள். போன் செய்தாள், மெயில் அனுப்பினாள், பதில் வராத இடத்துக்கு மறுபடியும் அனுப்பினாள். பிறகு மாதிரிப் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கட்டி எடுத்துக்கொண்டு நைரோபிக்கு விமானம் ஏறிவிட்டாள். புருஷன் பாலமுரளி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்பதைத் தவிர அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே பழம் அடுக்கும் ஷெட் ஒன்றை நடத்துகிறவள் வாஞ்சிரு. ஐம்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல், அதை விடப் பெரிய சிரிப்பு. சுற்று வட்டார விவசாயிகளிடம் பழம் வாங்கி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறாள்.

"பெட்டி விற்க வருகிறவர்கள் எல்லோரும் நல்ல பெட்டி என்றுதான் சொல்கிறார்கள்," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "கப்பலில் ஈரம் ஏறியதும் அடித்தட்டுப் பெட்டி உட்கார்ந்துவிடுகிறது. அதோடு என் பழமும் போகிறது."

 ஸ்ரீலட்சுமி ஒரு பெட்டியைப் பிரித்து நிறுத்தி மூடினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்றாள். பெட்டி அசையவில்லை. ஷெட்டில் பழம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ இறங்கு," என்றாள் வாஞ்சிரு. "நான் ஏறிப் பார்க்கிறேன்."

ஸ்ரீலட்சுமி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு மனசுக்குள் மீனாட்சியைக் கூப்பிட்டாள். வாஞ்சிரு ஏறி நின்றாள். நின்றதோடு விடாமல் லேசாக ஒரு குதியும் குதித்தாள். பெட்டி கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். இறங்கி வந்த வாஞ்சிரு பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்த்தாள்.

"காய்ந்த பெட்டி நிற்கும். ஈரத்தில் நிற்குமா?"

"நிற்கிற மாதிரி செய்து அனுப்புகிறேன்."

"ஒரு கன்டெய்னர் அனுப்பு. பிறகு பேசலாம்."

ஆக, சித்தப்பா கொடுத்ததும் ஒரு கன்டெய்னர், வாஞ்சிரு கொடுத்ததும் ஒரு கன்டெய்னர். இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே தடவையில் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தபோது ஸ்ரீலட்சுமிக்குப் பயம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. சில பேர் அப்படித்தான், பரீட்சை என்றால் பசி எடுக்கும்.

ஊருக்கு வந்ததும் வண்டியூர் வீட்டுக் குளியலறையைக் கைப்பற்றினாள். அரிசி நிரப்பிய பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கினாள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முதல் அடுக்கு இரண்டே நாளில் சாய்ந்தது. பசையை மாற்றினாள். அடுத்த அடுக்கு கொஞ்சம் கூடுதலாக நின்று, பாலமுரளி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து அவன் மேலேயே சரிந்தது. உள்தாளைக் கெட்டியாக்கினாள். மூன்றாவது அடுக்கு நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பாலமுரளி ஒரு வாரம் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்று குளித்தான். கடைசியில் அவனே அடிப்பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது விழாது லட்சுமி, எனக்கு விடுதலை கொடு" என்றான்.

கன்டெய்னர் ஏற்றிய நாள் ஒரு திருவிழாதான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம், கதவில் சந்தனம், டிரைவருக்குச் சட்டைப்பை நிறைய வெற்றிலை பாக்கு. பெட்டி கட்டும் பிரிவுக்குத் தலைவி தங்கப்பொண்ணு புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். திருமங்கலம் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அவளுடைய அப்பன் கூலி வேலை பார்த்த காட்டிலேயே அரை ஏக்கர் விலைக்கு வாங்கிப் போட்டு, அதில் இப்போது மல்லிகை வைத்திருக்கிறாள். ஆள் நிமிர்ந்து நடக்கிறவள், மெதுவாகப் பேசத் தெரியாதவள்.

"ஒவ்வொரு பெட்டிக் கட்டையும் ஏங்கையால தொட்டுப் பாத்துத்தான் ஏத்திருக்கேன் தாயி," என்று ஷெட் முழுக்கக் கேட்கச் சொன்னாள். "ஒருத்தன் ஒரு சொல்லுச் சொல்ல முடியாது."

பெட்டி கப்பலேறியது. ஸ்ரீலட்சுமி கப்பல் போகும் வழியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். சௌரிராஜனும் பார்த்தார், ஆனால் பார்க்காதது போலப் பார்த்தார். கப்பல் மொம்பாசா துறைமுகத்தைத் தொட்டதும், "வந்துருச்சுபோல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வந்தது, வெளியே வரவில்லை. ஒரு மத்தியானம் ராம்கி கூப்பிட்டான். தூத்துக்குடியில் கப்பல் சரக்குக்கான காகித வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் அவன்.

"அக்கா, கன்டெய்னரைப் பிடிச்சு வச்சுட்டாங்க. நம்ம காகிதத்துல இருக்கிற எடையை விட சரக்கோட எடை கூட இருந்துருக்கு. தொறந்து எண்ணிருக்காங்க. எல்லாக் கட்டுலயும் ஒரு பெட்டி அதிகமாம். கணக்குல காட்டாத சரக்குன்னு எழுதிட்டாங்க."

"எங்க கட்டுலயா? எங்க எண்ணிக்கை தப்பவே தப்பாது ராம்கி. வேற யாரோட கன்டெய்னரையோ பாத்துட்டுச் சொல்றாங்க."

ராம்கி வைத்த கையோடு வாஞ்சிரு கூப்பிட்டாள். அவள் குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை. இறக்குமதி அவள் பெயரில். வரி கட்டாமல் சரக்கை உள்ளே கடத்தப் பார்த்ததாகச் சந்தேகமும் அவள் பெயரில். இத்தனை வருஷத்தில் துறைமுகத்தில் தன் பெயருக்கு ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை என்றாள். "நீ என்னை வைத்துக் கள்ளச்சரக்கு அனுப்பினாயா?" என்று நேராகவே கேட்டாள். ஸ்ரீலட்சுமிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

விறுவிறுவென்று பெட்டி கட்டும் இடத்துக்குப் போனாள். உள்ளூருக்குப் போக வேண்டிய கட்டுகள் அடுக்கிக் கிடந்தன.

"தங்கக்கா, ஒரு கட்டை அவுத்து எண்ணுங்க. கட்டுக்கு இருபத்தஞ்சுதான?"

"பின்ன?" தங்கப்பொண்ணு கயிற்றை இழுத்து அவிழ்த்தாள். விரல்கள் ஓட, வாய் ஓட, எண்ணினாள். "…இருபத்து மூணு, இருபத்து நாலு, இருபத்தஞ்சு." அடியில் கிடந்த இன்னொன்றைத் தூக்கி மேலே வைத்தாள். "கொசுறு ஒண்ணு. சரியா இருக்கு தாயி."

ஸ்ரீலட்சுமி அந்த இருபத்தாறாவது பெட்டியைக் கையில் எடுத்தாள். தங்கப்பொண்ணு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்ன தாயி? இருபத்தஞ்சுன்னா அதுக்கு மேல ஒரு கொசுறுந்தான? நீங்க பாவாடை கட்டிக்கிட்டு இங்கன ஓடித் திரிஞ்ச நாள்லருந்து இப்பிடித்தான கட்டுறோம்?"

உண்மைதான். ஸ்ரீலட்சுமிக்கும் அது தெரியும். தெரியும் என்பது மறந்துபோகிற அளவுக்குத் தெரியும். வழியில் ஒன்று நசுங்கினால் வியாபாரி கை பிசைய வேண்டாமே என்று கட்டுக்கு ஒன்று கூடுதல். விலைச்சீட்டில் அது வராது. வாங்குகிறவனும் எண்ண மாட்டான், இருக்கும் என்று தெரியும் அவனுக்கு. மதுரையைச் சுற்றி எந்த வியாபாரியிடமும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் சொல்ல வேண்டும் என்பது ஷெட்டில் ஒரு ஆளுக்குக்கூட உறைக்கவில்லை, அவளையும் சேர்த்து. பசையைச் சோதித்தாள், தாளைச் சோதித்தாள், புருஷனைச் சோதித்தாள். கொசுறை மட்டும் கோட்டை விட்டாள்.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு, அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சௌரிராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தன் அறைக்குள் மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். அந்த அறைதான் கம்பெனியின் மூளை என்பது அவர் எண்ணம். சாமி படம், பழைய இரும்பு பீரோ, சுழலும் நாற்காலி, வெளியே யார் எந்நேரம் வந்தாலும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி.

"இதுக்குத்தான் சொன்னேன்," என்றார். "சரி, ஆனது ஆச்சு. ராம்கி என்ன சொல்றான்?"

"யாரோ ஒருத்தர் கவனக்கொறைவுன்னு எழுதிக் குடுத்துரலாங்கிறான். பொறுப்பான ஆளை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னும் சேத்து எழுதினா சீக்கிரம் விட்டுருவாங்களாம்."

"எழுதிக் குடு. கட்டுறது தங்கப்பொண்ணு. அவ பேரை எழுது. சும்மா காகிதத்துலதான? அவ இங்கதான் வேலை பாக்கப் போறா."

"அவுக பேரை எழுத மாட்டேன் சித்தப்பா."

"காகிதத்துலதான் சொல்றேன்."

"காகிதத்துலயும்தான். ஒவ்வொரு கட்டையும் தொட்டுப் பாத்து ஏத்துனவுகளை, கவனமில்லாதவுகன்னு கடல் தாண்டி எழுதி அனுப்பச் சொல்றீகளா?" அவள் குரல் கொஞ்சம் ஏறியது. "அதிருக்கட்டும். கட்டுக்கு ஒண்ணு கொசுறுன்னு மொதமொதல்ல ஆரம்பிச்சது யாரு?"

சௌரிராஜன் மின்விசிறியைப் பார்த்தார். ஆரம்பித்தது அவர்தான். மீசை அரும்பிய வயசில் சைக்கிளில் மாதிரிப் பெட்டி கட்டிக்கொண்டு கடை கடையாக அலைந்தபோது, எதிர்க்கம்பெனிக்காரனிடமிருந்து ஆட்களை இழுக்க அவர் கண்டுபிடித்த வழி அது. அதை வைத்துத்தான் சூடாமணி பேக்கேஜிங் வளர்ந்தது என்று கல்யாண வீடுகளில் அவரே பலமுறை பெருமையடித்திருக்கிறார்.

"அப்ப எம்பேரை எழுதப் போறியா?" என்றார், மெல்லிய குரலில், சௌராஷ்டிரத்தில்.

"யார் பேரும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன்," என்று அவளும் வீட்டு மொழியிலேயே சொன்னாள்.

எழுதினாள். எங்கள் ஊரில் வாங்குகிறவருக்கு அளவுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், அதற்குக் காசு இல்லை, மறைக்கும் எண்ணமும் இல்லை, காகிதத்தில் காட்டாதது என் தவறு, அபராதம் எதுவானாலும் நான் ஏற்கிறேன். இதைப் படித்த ராம்கி தலையைச் சொறிந்தான். வாஞ்சிருவின் பதில் ஒரே வரியில் வந்தது. கேட்காமல், சொல்லாமல், சும்மா கொடுத்தேன் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? நாட்கள் போயின. மொம்பாசாவில் மழை என்று செய்தி சொன்னது. கன்டெய்னர் அந்தப் புழுக்கத்திலேயே கிடந்தது. பீமாராவ் சௌரிராஜனுக்கு இரண்டு தடவை போன் செய்தார்.

ஸ்ரீலட்சுமி அழவில்லை, ஆனால் சோறு இறங்கவில்லை. பழங்காநத்தத்தில் காய்கறி வாங்கக் கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்று சௌரிராஜன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். அவருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

முத்துமீனாவின் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. வாஞ்சிரு, முகம் தெரிகிற அழைப்பு. மொம்பாசாவில், அதிகாரியின் அறையிலிருந்தே பேசினாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட மனிதர் ஒருவர், ஸ்ரீலட்சுமியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைசியாக ஒரு முறை கேட்கிறார்," என்றாள் வாஞ்சிரு. "விற்கிறவர் எதற்காகச் சும்மா கொடுக்க வேண்டும்? உனக்கு அதில் என்ன லாபம்?"

ஸ்ரீலட்சுமி கைப்பேசியோடு நிமிர்ந்தாள்.  கண்ணெதிரே முத்துமீனா கத்தரிக்காயை நிறுத்தாள். தராசு சரியாக நின்றது. பையில் கொட்டினாள். பிறகு, பார்க்கக்கூடப் பார்க்காமல், இன்னொரு கத்தரிக்காய், நாலு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்று எடுத்து மேலே போட்டாள்.

ஸ்ரீலட்சுமி சட்டென்று கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க! இப்ப போட்டாங்களே, அதைப் பாருங்க! முத்துமீனாக்கா, இது எதுக்குப் போட்டீங்க? சொல்லுங்க, கேக்குறாங்க!"

முத்துமீனா கைப்பேசியைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஆத்தாடி, எந்த டிவிக்கு? கொசுறும்மா. கொசுறு போடாம என்னத்த யாவாரம்? நாளைக்கும் நம்மகிட்டத்தான வரணும்?" கேமரா இன்னும் தன் மேலேயே இருப்பதைப் பார்த்து, தாராளமாக ஒரு பிடி கொத்தமல்லியும் அள்ளி வைத்தாள்.

ஸ்ரீலட்சுமி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நாளைக்கும் இவளிடமே நான் வர வேண்டும், அதற்காக. நாளைக்கும் நீ என்னிடமே வர வேண்டும், அதற்காக.

 வாஞ்சிரு சிரித்தாள், அவளுடைய அந்தப் பெரிய சிரிப்பு. "நியொங்கேசா!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவரின் தோளில் தட்டி, "நியொங்கேசா, பாருங்கள், நியொங்கேசாதான்!" என்றாள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். தன் அம்மாவும் சந்தையில் தக்காளி விற்றவள் என்றார். தக்காளி வாங்குகிற ஒருவரும் நியொங்கேசா என்கிற கொசுறு வாங்காமல் அவள் கடையை விட்டு நகர்ந்ததில்லையாம். அந்தக் கொத்தமல்லியை இன்னொரு முறை காட்டச் சொன்னார். காட்டினார்கள்.

நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு அபராதத்தை எழுதினார். சட்டம் சட்டம்தான். ஆனால் கடத்தல் என்ற வார்த்தையை அடித்துவிட்டார். வாஞ்சிருவின் பெயருக்குக் கரும்புள்ளி விழவில்லை. காகிதத்தைத் திருத்தி, வரியையும் அபராதத்தையும் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்துப் போகலாம் என்றார்.

சௌரிராஜன் இதையெல்லாம் பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தான் சைக்கிளில் அலைந்த காலத்தில் செய்த ஒரு தந்திரத்தை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆபீசர், தன் அம்மாவின் பழக்கம் என்று சொல்கிறார்.  அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முத்துமீனாவிடம் "எனக்கும் கொஞ்சம் மல்லித்தழை போடு" என்றார். நீங்கள் ஒன்றும் வாங்கவே இல்லையே என்று அவள் கேட்டாள்.

ஆனால் பேச்சு பேச்சுதானே. கன்டெய்னர் மாசு மறு இல்லாமல் போய்ச் சேரவில்லை. அடுத்த வாரம் பீமாராவ் அளவு நாடாவோடு கப்பலூருக்கு வந்துவிட்டார். சுண்ணாம்புக் கோட்டில் நாடாவின் ஒரு நுனியை வைத்து மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தார். சௌரிராஜன் பக்கத்தில் நின்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஸ்ரீலட்சுமி தூணில் சாய்ந்து நின்றாள். கேட்டு வாங்கிய பந்தயம். அதில் கெஞ்ச அவளுக்கு மனசில்லை. உள்ளுக்குள் மட்டும் எரிந்தது.

அப்போது வாஞ்சிரு கூப்பிட்டாள். அவள் தன் ஷெட்டில் இருந்தாள். பின்னால் ஸ்ரீலட்சுமியின் பெட்டிகள், பழம் நிரப்பி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி நின்றன.

"துறைமுகத்து ஈரத்தில் இத்தனை நாள் கிடந்தது. கூழாகியிருக்கும் என்றுதான் நினைத்தேன்," என்றாள். "பாதியைக் குப்பையில் போட ஆள்கூடச் சொல்லி வைத்தேன். பார்."

அங்கிருந்த ஒரு பெண்ணிடம் கைப்பேசியைக் கொடுத்தாள். காலிப் பெட்டி ஒன்றை மூடிக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஏறினாள். நின்றாள். குதித்தாள், இந்த முறை லேசாக அல்ல. தங்கப்பொண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, நம்ம பெட்டி தாங்குதே!" என்று அலற, கட்டும் பெண்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"மூன்று கன்டெய்னர் வேண்டும்," என்றாள் வாஞ்சிரு, பெட்டி மேலிருந்தபடியே. "சீசன் முடியும்வரை மாதம் மூன்று. மழையில் அவ்வளவு நாள் போட்டு வேறு யாருடைய பெட்டியையும் நான் சோதித்திருக்க மாட்டேன். அந்த அதிகாரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்." நிறுத்தி, விரலை நீட்டினாள். "கட்டுக்கு ஒரு நியொங்கேசா வேண்டும். ஆனால் காகிதத்தில் எழுதி!"

"எழுதியே தருகிறேன்," என்றாள் ஸ்ரீலட்சுமி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, சிரித்துக்கொண்டே நின்றாள்.

சௌரிராஜன் தொண்டையைச் செருமினார். "பீமாராவ்," என்றார். "நாடாவைச் சுருட்டு."

"அண்ணே, பேசினபடி…"

"வேற எடம் பாத்துக் குடுக்கேன்யா. இங்கன கென்யாவுக்குப் பெட்டி போகணும்."

பீமாராவ் முணுமுணுத்துக்கொண்டே போனார். சௌரிராஜன் செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்தார். சுண்ணாம்பு அத்தனை சுலபமாகப் போகவில்லை. தங்கப்பொண்ணு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"அந்தப் பாதியும் ஒனக்குத்தான்," என்றார் அண்ணன் மகளிடம், சௌராஷ்டிரத்தில். பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். அதில் ஒரு சாவியைத் தேடிக் கழற்றி அவள் கையில் வைத்தார். "என் ரூமையும் எடுத்துக்க. நாற்காலியில ஒரு சக்கரம் மட்டும் ஆடும், பாத்து உக்காரு."

"சித்தப்பா, ரூமைக் கேக்கவே இல்லையே. அது எதுக்கு?"

"கொசுறு," என்றார் சௌரிராஜன், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில்.

கொசுறு வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் மதுரையில் யாருக்கும் கிடையாது. அவளும் சொல்லவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்று கன்டெய்னருக்கு எவ்வளவு தாள் வேண்டும் என்று தங்கப்பொண்ணிடம் கேட்கப் போனாள்.